எட்டாங்கட்டையில் தூக்கிய கை

ஜெலாப்பாங் அடுக்குமாடியில் மங்களத்தின் வீடு எது என்று விசாரிக்கவே வேண்டாம். நான்காவது மாடியில் எந்த வாசலில் காலி பெயின்ட் வாளிகள் வரிசை கட்டி நிற்கின்றனவோ, அதுதான். வாளியில் ரோஜாவோ துளசியோ இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கச்சான்! வாளியில் யாராவது நிலக்கடலை போடுவார்களா? மங்களம் போடுவாள். பிடுங்கினால் ஒரு கைப்பிடி தேறாது. அதையும் அவித்து அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கு நாலு கொடுத்துவிட்டு, "எங்க மண்ணுல வெளஞ்சா இதவிடத் தித்திப்பா இருக்கும்லா" என்று வேறு சொல்லுவாள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆள் ஒல்லி, வாய் பெரிது. யோசனை என்று ஒன்று வந்துவிட்டால் போதும், கைகள் தானாகத் தலைக்குப் போய்விடும். கொண்டையை அவிழ்ப்பாள், உதறுவாள், மறுபடி முடிவாள். "அம்மா கொண்டையில கை வச்சிட்டாங்க, எனக்கு ஏதோ வேலை வருது" என்று மகள் புனிதா கேலி செய்வாள். அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவள் சொல்லும் 'எங்க மண்ணு' சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே, எட்டாவது மைலில், சுண்ணாம்பு மலையின் காலடியில் இருந்தது. அந்த நிலத்தை வைத்திருந்த கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் பத்திரத்தில் ஒரு முழ நீளம் இருக்கும். வாயில் நுழையாததால் எல்லாரும் 'எட்டாங்கட்டைக் கொப்பராசி' என்றே சொன்னார்கள். அதை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் மங்களத்தின் அப்பா மாயாண்டி.

துரைமார்கள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம் அது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் புது முதலாளி ஆள் அனுப்பினான். பால் வெட்டிய சனம் என்ன செய்தது? ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. போய்விடலாம் என்றது பாதி, போகமாட்டோம் என்றது பாதி. இவர்கள் பேசி முடிப்பதற்குள் லயத்து வீடுகளின் கூரைத் தகரத்தையே கழற்றிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் மாயாண்டிக்குச் சாகும்வரை அடங்கவில்லை.

மிச்சமிருந்த குடும்பங்களைக் கூட்டி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஈயம் தோண்டிவிட்டுப் போட்டிருந்த ஒரு நிலத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள். நிலமா அது? வெறும் மணல், நடுவே பள்ளம். லாலான் புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது. சாணியையும் குப்பையையும் கொட்டிக் கொட்டி அதைக் கடலை விளையும் மண்ணாக்கினார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டு, நடுவில் வரப்பு மட்டும், வேலி கிடையாது. கடலை பிடுங்கும் நாளில் ஊரே ஒருவர் துண்டில் இறங்கும், மறுநாள் அடுத்தவர் துண்டு.

முதல் கூட்டத்திலேயே மாயாண்டி ஒரு விதி போட்டார். "ஒரு கை எறங்கியிருந்தாலும் காரியம் நடக்கக்கூடாது. எல்லாக் கையும் ஏறணும். அன்னிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்னுதான் கூரையப் பறிகொடுத்தோம்."

நல்ல விதிதான். ஒருமுறை, பம்பு வீடு தன் துண்டோரம் வந்தால் இரைச்சல் தாங்காது என்று மாரியம்மா என்ற ஒரு மனுசி கையைத் தூக்க மறுத்தாள். கெஞ்சினார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் பம்பைத்தான் தள்ளி வைத்தார்கள்.

மாயாண்டியின் காலத்துக்குப் பிறகு அதுவே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஊரே தூக்கும்போது நீ மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தால் எப்படி என்று முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, பக்கத்து ஆளின் கையைப் பார்த்துக் கை தூக்கப் பழகியது சனம். மங்களம் பார்ப்பது பிச்சைமுத்துவின் கையை.

பிச்சைமுத்து அடுத்த துண்டுக்காரர். சொந்தமில்லை, ஆனால் கூடப் பிறந்தவர் போல. மங்களத்தின் புருசன் லாரி மோதிச் செத்த வருசம், அவளுடைய துண்டைக் கொத்தி முடித்துவிட்டுத்தான் தன் துண்டுக்குப் போனார். "தங்கச்சி, நீ புள்ளயப் பாரு" என்றார், அவ்வளவுதான்.

பத்து வருசத்துக்கு முன் ஒரு கம்பெனி வந்து வீடு கட்ட நிலத்தைக் கேட்டது. பிள்ளைகள் ஜெலாப்பாங்கிலும் கமுந்திங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட நேரம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாரியம்மா மாதிரி உட்கார்ந்துவிடுவது, செத்தாலும் தூக்குவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் மங்களம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"விக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர். ஒரு கையும் ஏறவில்லை. அண்ணன் என்ன செய்வார் என்ற யோசனையில் மங்களம் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். முடிந்தபடியே பின்னால் திரும்பினாள். தூணோரமாக உட்கார்ந்திருந்த பிச்சைமுத்துவின் கை மேலே நின்றது. அவரைப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் ஏறின.

மங்களம் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு என்ன கஷ்டமோ, வீட்டில் நோயாளிப் பொண்டாட்டி, நான் ஒருத்தி தூக்காமல் அவர் பிழைப்பைக் கெடுக்கவா? தலையிலிருந்த கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். எல்லாக் கையும் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. சாமான் ஏற்றிய லாரியில் உட்கார்ந்தபோதுகூட அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. அடுக்குமாடியில் தண்ணீர் வருகிறது, லிப்ட் சில நாள் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் மழை பெய்தால் மங்களம் தாழ்வாரத்தில் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பாள். சிமென்ட் வாசம்தான் வரும். அந்த மண் வேண்டும் அவளுக்கு, வேறு எதுவும் வேண்டாம். அது கிடைக்காது என்று தெரியும். அண்ணன் ஏன் கையைத் தூக்கினார் என்று அவர் வாயால் கேட்காமல் கண்ணை மூடக்கூடாது என்பது மட்டும்தான் மிச்சமிருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனிதாவை நச்சரித்துக் காரில் எட்டாங்கட்டைக்குப் போனாள். கம்பெனி ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. சுற்றிலும் தகரத்தை அடைத்துப் போட்டிருந்தது. அந்தத் தகரத்தில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். பிச்சைமுத்து.

"யாரு, மங்களமா?"

"கண்ணு இன்னும் தெரியுதா?"

"குரலு தெரியுதே. திட்டுறதுக்கு ஆளில்லாம காதே அடைச்சுப்போச்சு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இங்க என்ன பண்றீங்க?"

"அப்பப்ப வாரேன். முடி வெட்டப் போறேன்னு மகன்கிட்ட சொல்லிட்டு வந்துருவேன்."

அவர் தலையில் வெட்டுவதற்கு முடியே இல்லை. மங்களம் ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு லாலான். பம்பு வீட்டின் கூரை தெரிந்தது. வரப்பு எங்கே என்று தெரியவில்லை. தேக்கி வைத்திருந்த கேள்வி வெடித்துக்கொண்டு வந்தது.

"ஏண்ணே தூக்குனீங்க? நீங்க மடியில வச்சிருந்தா நானும் வச்சிருப்பேனே. ஒரு கை எறங்கியிருந்தா போதுமேண்ணே!"

பிச்சைமுத்து அவளை விநோதமாகப் பார்த்தார். "நல்ல கதையா இருக்கே! நீ தூக்குனதப் பாத்துத்தானே நான் தூக்குனேன்."

"நானா?"

"பின்ன? எவனும் அசையல. நடுவுல அத்தன தல, உன் கை மேல போனது மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு. சரி, பொம்பள ஒத்தையா நின்னு புள்ளய வளத்தா, அதுக்கு ஒரு நல்ல வீடு வேணும்னு நெனக்கிறா போல, நாம குறுக்க நிக்கக்கூடாதுன்னு தூக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல." தகரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "மண்ணு போச்சு. ஆனா தங்கச்சி நல்லா இருக்கா, அதுக்காகத்தான் போச்சுன்னு மனச ஆத்திக்குவேன். வேற என்ன இருக்கு எனக்கு?"

மங்களத்தின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. கொண்டை! அடிப்பாவி, கொண்டையை முடிந்த கை! அண்ணே, நான் முடியைத்தான் முடிந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து வருசமாக அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசன்.

"ஆமாண்ணே" என்றாள். "புனிதாவுக்காகத்தான் தூக்குனேன்."

"அதானே!" அவர் முகம் மலர்ந்தது. "வீடு நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்குண்ணே. காத்து நல்லா வருது."

கல்லுடைக்கும் இடத்திலிருந்து ஒரு லாரி புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போனது. அந்தக் காற்றில் அவளுடைய கொண்டை சரிந்தது. புனிதா ஹாரன் அடித்தாள். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு மங்களம் காரில் ஏறினாள்.

"அம்மா, முடி அவுந்து கெடக்கு பாருங்க. முடிஞ்சுக்கங்க" என்றாள் புனிதா.

மங்களம் ஜெலாப்பாங் வரும்வரை இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தாள்.