அப்பா வந்தால்தான் வேஷம்

நாடகத்தில் நடிக்க வேண்டுமானால் அப்பா வந்து பார்த்தாக வேண்டும் என்று விதி வைத்தது நான்தான். தலைமையாசிரியர் சொல்லவில்லை, பெற்றோர் யாரும் கேட்கவில்லை. நானாக யோசித்து, கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

படித்தது இயந்திரப் பொறியியல். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஓவியம், நாடகம், இலக்கியம் மூன்றையும் சொல்லிக்கொடுக்கத் தற்காலிக ஆசிரியராக இருக்கிறேன். என் வீடு திருப்பாலைவனத்தில். நெல் விவசாயம் செய்யும் குடும்பம். தினமும் பேருந்தில் ஏரிக்கரைக்கு வந்து போகிறேன். இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்ததால் இந்தக் குப்பத்துப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

விதிக்குக் காரணம் இருந்தது. முதல் பருவத்தில் மாணவர்களின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தோம். அம்மாக்கள் மீன் கூடையைப் பள்ளி வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். அப்பா ஒருவர்கூட வரவில்லை. எனக்கு அது ஒரு கோளாறாகப் பட்டது. கோளாறு என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், சரிசெய்ய வேண்டும், மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போய்விட்டேன்.

"அப்பா வர்லேன்னா மிஸ்?"

"வேஷம் வேற ஆளுக்கு."

"அப்பாவே இல்லேன்னா?"

"மாமா வரலாம்." விதிவிலக்கையும் எழுதிவைத்தேன். அவ்வளவு கவனமானவள் நான்.

நாடகம் பாடப்புத்தகத்திலிருந்து பிறந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பாமல், கரையில் நின்று வாடும் பெண்ணைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லியா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மால்லாம் நிக்காது மிஸ். ஐஸ் வாங்கப் போவும். ஏலக்காரர் கிட்ட சண்டை போடும். வாடறதுக்கு எங்க நேரம் கீது?"

அன்றே முடிவு செய்தேன், இதுதான் நாடகம், இவள்தான் அந்தப் பெண் என்று. காத்திருக்க நேரமில்லாத ஒரு மனைவியின் ஒரு நாள். வசனத்தை அவர்களே பேசிப் பேசி உண்டாக்கினார்கள்; நான் எழுதி மட்டும் வைத்தேன். பழைய போர்வைகளை ஒன்றாகத் தைத்துப் பின்திரை வரைந்தோம். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் என்று அளவுகோலால் கோடு போட்டுக் காட்டினேன். பையன்கள் ஏரியை மேலேயிருந்து பார்ப்பது போலத்தான் வரைந்தார்கள். அதில் எல்லா இடமும் ஒரே அளவு, எல்லா இடத்துக்கும் பெயர் உண்டு.

பிறகு நாள் குறித்தேன். தேர்வு இல்லாத நாள், மின்தடை இல்லாத நாள், கடைசிப் பேருந்துக்கு முன்னால் முடியும் நேரம், ஒலிபெருக்கிக்காரருக்குக் கல்யாண வேலை இல்லாத நாள். எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பாடு ஒன்றைத் தவிர.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்த வீட்டின் ஆண், படகு யாருடையதாக இருந்தாலும், தானே வலையில் இறங்க வேண்டும். பதிலுக்குக் கூலி ஆள் அனுப்ப முடியாது. போகாதவருக்குப் பங்கு கிடையாது, அடுத்த முறை சுற்றித்தான் வரும். இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது நாடகத்தன்று மதியம், அந்தப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது.

"மிஸ், இவ நைனா இன்னிக்கு முறைக்குப் போவல," என்றாள் புடவையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்த தோழி. "உங்க நாடகத்துக்கு வருது."

"ஏய், சும்மா இருடி."

கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. அவர்கள் வீட்டு ஃபைபர் படகு அடியில் வெடித்துக் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த முறையின் பங்கில்தான் அதைச் சரிசெய்வதாக இருந்தார்கள். படகு இல்லாமல் அவள் நைனா, அதாவது அப்பா, இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேஷம் பூடும் மிஸ்."

புடவை மடிப்பைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டுக் கரைக்கு நடந்தேன். வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய நைனா கொஞ்சம் தள்ளி, கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டார்.

"அண்ணே, நீங்க போங்க. அந்த விதியெல்லாம் வேணாம். பொண்ணு நடிக்கும், நான் சொல்றேன்."

"இன்னா டீச்சரம்மா நீங்க. காலையிலேயே கற்பூரம் கொளுத்தி ஆள் எண்ணிட்டாங்கோ. எண்ணிட்டா அவ்ளோதான்."

வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பினார். "சாவு வூடு, புள்ள பொறந்த வூடு, இதுக்குத்தாம்மா லீவு. நாடகத்துக்கு லீவுன்னு இப்பதான் கேள்விப்படறோம்."

"சொக்காவ இஸ்திரி போட்டு வெச்சிக்கினு கீறான்," என்றார் இன்னொருவர். "மாப்ள கெட்டான் போ."

"கம்னு கெட்றா," என்றார் இவர், கோபமே இல்லாமல்.

அங்கே மூத்தவராகத் தெரிந்தவரிடம் போய், தப்பு என்னுடையது, இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் கேலி செய்யவில்லை. "இன்னிக்கு இவனுக்கு வளைச்சா நாளைக்கு எல்லாருக்கும் வளைக்கணும்மா. அப்புறம் ஏரில வெட்டு குத்துதான்," என்றார். அது நல்ல விதி. என்னுடையதைப் போல ஒரு மதியத்தில் அழித்துவிடக் கூடியதல்ல.

படகுகள் கிளம்பின. அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எத்தினி மணிக்கு வரணும் டீச்சரம்மா?"

ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் முன்வரிசை நிறைந்திருந்தது. மற்ற அப்பாக்களுக்கு அன்று முறை இல்லை, அதனால் வந்திருந்தார்கள். என் திட்டம் பலித்திருந்தது. இவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடகத்தை நான் பார்க்கவில்லை. திரையின் ஓரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஏலக்காரராக நடித்த பையனைத் திட்டும்போது சிரித்தார். மகள் கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையைத் தூக்கும்போது பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார்.

ஐஸ் வாங்கும் காட்சியில் அவருக்கு அடக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாம்மே, கொஞ்சூண்டு ஐஸு வாங்கினு போற? எப்டி பத்தும்?"

ஒத்திகையில் இல்லாத வசனம் அது. அவள் கூடையை இடுப்புக்கு மாற்றி, முன்வரிசையை நேராகப் பார்த்தாள்.

"நீ இன்னிக்கு வலைக்கே போவல. உனுக்கு இன்னாத்துக்குய்யா ஐஸு?"

மைதானமே ஆர்ப்பரித்தது. விசில் பறந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய சிரிப்பு உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் படகுகள் நிறைய இறாலோடு வந்தன என்று பேருந்திலேயே கேள்விப்பட்டேன். எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் இந்தப் பருவத்தில் இவ்வளவு இறால் வலையில் பட்டதேயில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாகக் கரும்பலகையின் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் அவள் வந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை என் மேசையில் வைத்தாள். இறால் தொக்கு. முறைக்குப் போகாத வீட்டுக்கும் குழம்புக்கென்று ஒரு கை இறால் போடுவது அவர்கள் வழக்கமாம். வந்த ஒரு கையில் பாதியை அம்மா எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

"வேணாம்மா, நீங்க சாப்பிடுங்க."

"நைனா குடுத்து அனுப்பிச்சு மிஸ். திருப்பி எடுத்துனு போனா திட்டும்."

"படகு?"

"அது கெடக்கட்டும் மிஸ். நைனா கூலிக்குத்தான் போவப் போவுது."

"அடுத்த முறை எப்ப வரும்?"

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். "அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும் மிஸ்."

டப்பாவைத் திறந்தேன். அவள் போகாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெரிய இறால், நல்ல கெட்டிச் சதை.

"நல்லா கீதா மிஸ்?"

"நல்லா இருக்கு."

"நைனா கேக்கச் சொல்லிச்சு. அடுத்த நாடகத்துல எனுக்கு இன்னா வேஷம்னு."