கறுப்பு ஃபிலிமில் ஆறு படங்கள்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பட வேண்டிய நஷ்டமெல்லாம் பட்டாகிவிட்டது. பேய்க்கு நள்ளிரவுதான் நேரம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பழைய நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். வீட்டின் பின்னறையில், ஜன்னலே இல்லாத இடத்தில், ஒரு டிரம் ஸ்கேனர் வைத்திருக்கிறேன். வயது முப்பதுக்கு மேல். மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். கல்யாண நாளுக்கு ஊரில் எல்லோரும் மோதிரம் வாங்கித் தருவார்கள். இவர் நாலு ஆள் வைத்து இந்த யானையைத் தூக்கி வந்தார். அதற்குள்ளே கண்ணாடி போல ஓர் உருளை. ஃபிலிமை எண்ணெய் தடவி அதன் மேல் ஒட்டிச் சுற்றவிட்டால், ஒரு சின்ன ஒளிப்புள்ளி அதைக் கோடு கோடாகப் படிக்கும். கன்னங்கரேலென்று இருக்கிற ஃபிலிமில்கூட எங்காவது துளி மிச்சம் இருந்தால் தோண்டி எடுத்துவிடும்.

என் அக்கா இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரியில் மூழ்கிச் செத்துப்போனாள். ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பறவைகளைப் படம் பிடிக்கத் தனியாகப் போனவள், படகுத்துறைப் படிக்கட்டின் கீழே பிணமாகக் கிடைத்தாள். அவளோடு வேலை பார்த்த நண்பர் அன்று ஊரிலேயே இல்லையாம். மறுநாள் அலறியடித்து ஓடி வந்தார். அம்மாவைத் தேற்றினார். என்னையும் தேற்றினார். மூன்று வருடம் கழித்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்கு அக்கா பெயரை வைக்கச் சொன்னதும் அவர்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று உறவுக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள். நானும்தான் பேசினேன்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். அவள் பெட்டியில் ஓர் உறை இருந்தது. மேலே ‘பெரியவளோட கடைசி ரோல்’ என்று அம்மாவின் கோணல் எழுத்து. உள்ளே ஆறு படம் நீளத்துக்கு ஒரு துண்டு ஃபிலிம். முழுக்கக் கறுப்பு. வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டதாகப் பத்திரிகையின் இருட்டறைக்காரர் அப்போதே சொல்லித்தான் கொடுத்தாராம்.

"அதைப் போய் ஏன் நோண்டறே? ஒண்ணும் வராது," என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்ங்க."

"உன் மனசுதான் கெட்டுப்போகும். சொன்னாக் கேளு."

என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, சாப்பிட்டுவிட்டு அவர் படுக்கப் போனார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பின்னறைக்கு வந்து ஃபிலிமை ஒட்டினேன். குமிழி எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தும்போது மணி சரியாக 2.10.

விர்ர்ர்ர்... உருளை சுற்றியது. அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்ததுகூட உண்டு.

2.18. சத்தத்தில் ஏதோ மாறியது. விர்ர்ர்... சளப். விர்ர்ர்... சளப். ஒட்டிய ஃபிலிம் கழன்றுவிட்டதோ? இல்லை. மூடியின் கண்ணாடி வழியே பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் வாடை. அந்த எண்ணெய் மண்ணெண்ணெய் மாதிரி நாறும். இப்போது அறை முழுக்கப் பாசி வாடை.

2.26. திரையில் முதல் படம் கோடு கோடாக வந்தது. கறுப்பு இல்லை. படம்! கீழே கொஞ்சம் தண்ணீர். மேலே படிக்கட்டு. படிக்கட்டில் ஓர் ஆள். தண்ணீருக்குள் நின்று எடுத்த மாதிரி இருந்தது.

2.34. இரண்டாவது படம். அதே படிக்கட்டு, அதே ஆள். தண்ணீர் மட்டும் ஏறியிருந்தது.

2.41. மூன்றாவது. பாதிப் படம் வரை தண்ணீர். அந்த ஆள் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். பையிலே ஒரு கிழிசல். இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள்.

முகத்தைப் பெரிதாக்கினேன்.

இருபத்திரண்டு வயசு குறைந்த முகம். ஆனாலும் பத்தொன்பது வருடமாகக் காலையில் கண் விழித்ததும் நான் பார்க்கிற முகம்.

அவள் மூழ்கிய இடத்திலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. இவருக்கு நீச்சல் தெரியும். எங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான்.

நான்காவது... தண்ணீர் ஏறியது. பாக்கெட்டிலிருந்து கை வெளியே வரவில்லை.

ஐந்தாவது... அவர் தலை மட்டும் தெரிந்தது. நேராக என்னையே பார்த்தது.

ஆறாவது... முழுக்கத் தண்ணீர். அதற்கு மேலே, கலங்கலாக, ஒரு முதுகு. படியேறிப் போய்க்கொண்டிருந்தது.

சளப்... சளப்...

எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். அவர். வாசலில் நின்றிருந்தார். பார்வை திரையில். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ...

சுவரில் இருந்த மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

இருட்டு.

கரன்ட் போனால் உருளை இருபது வினாடியில் நின்றுவிடும். எண்ணினேன். இருபது... முப்பது... அறுபது...

நிற்கவில்லை.

இன்னும் வேகமாகச் சுற்றியது.

என் காலடியில் ஈரம். சில்லென்று.

"அந்தச் சட்டைய..." இருட்டிலிருந்து அவர் குரல். "அந்தச் சட்டைய நான் அன்னிக்கே எரிச்சிட்டேனே..."

"அங்க இருந்தீங்களா?"

குரல் வந்த பக்கமாக ஓரடி வைத்தேன்.

"இருந்தீங்களான்னு கேக்கறேன்."

"அவ என்னை வேணாம்னு சொல்லிட்டா."

உருளை நின்றது.

சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டேன். மணி 3.07. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தரை காய்ந்து கிடந்தது. மூடியைத் திறந்தேன். ஃபிலிம் பழையபடி கன்னங்கரேல். கம்ப்யூட்டரில் ஆறு படங்களும் பதிவாகியிருந்தன. ஆறும் வெறும் கறுப்பு.

எனக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம். அக்கா கிடைக்கவில்லை என்று என்னைக் கட்டிக்கொண்டவன். அவள் பெயரைச் சொல்லித் தினமும் என் மகளைக் கொஞ்சியவன். இத்தனை வருடம் என் கழுத்தை அறுத்துவிட்டு அதே கையால் என் கண்ணீரையும் துடைத்திருக்கிறான். அக்கா மேலும் ஆத்திரம் வந்தது. தாலி ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? தங்கச்சிதானே நான்? அன்று மாலையே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

போலீசுக்குப் போகலாம் என்றால் கையில் என்ன இருக்கிறது? மூன்று வாரம் கழித்து அந்த இருட்டறைக்காரரைத் தேடிப் போனேன். எண்பதை நெருங்குகிறவர், மகன் வீட்டில் இருந்தார். படம் தெரிந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. ஃபிலிமை மட்டும் அவர் கையில் கொடுத்து, "இது எப்படி வீணாச்சுன்னு ஞாபகம் இருக்காங்கய்யா?" என்று கேட்டேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா. இது உங்க அக்கா எடுத்ததே இல்ல."

"என்னய்யா சொல்றீங்க?"

"அவ கேமராப் பை கரையிலயே கிடந்துச்சு. கேமராவுல ஃபிலிமே இல்ல. யார் உருவினாங்களோ, தெரியல. உங்க அம்மா தினமும் வந்து ஆபீஸ் வாசல்ல நின்னாங்க, கடைசியா எம்பொண்ணு எடுத்ததைக் குடுங்கன்னு. பார்க்கத் தாங்கலம்மா. கடையிலேர்ந்து ஒரு புது ரோல் வாங்கி, வெளிச்சத்துல இழுத்து, கழுவி, ஒரு துண்டு வெட்டிக் குடுத்துட்டேன். எந்தக் கேமராவுக்குள்ளயும் போகாத ஃபிலிம் அது."