குண்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனோம்

எங்கள் வீட்டில் பெண்கள் லேடி டாக்டரிடம் தனியாகப் போவதில்லை. கூட ஒருத்தி வந்து, நம் உடம்பைப் பற்றி நம்மைவிட நன்றாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி வாய்த்தவர் வீட்டுக்காரரின் அக்கா, ஒலக்கூரில் இருக்கும் பெரிய நாத்தனார். ஆள் முருங்கைக்காய் மாதிரி. நானோ இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஊதிக்கொண்டே போனவள்.

என் பிரச்சினையைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். புருஷனோடு சேரும்போது வலி, எரிச்சல். ஆசை இல்லாமல் இல்லை. அவர் கையைப் போட்டாலே வலி ஞாபகம் வந்து விலகிப் படுத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவர், ரூமில் புழுக்கம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். மார்கழியில் என்ன புழுக்கம்? எனக்கு அழுகையாக வந்தது. அந்த மனுஷன் எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நாத்தனாரிடம் பாதிதான் சொன்னேன். அதற்கே முகம் சிவந்தது அவருக்கு. திண்டிவனத்தில் காட்டினால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினார். ஏறினால், முன் சீட்டில் எங்கள் தெருக்காரம்மா!

"எங்க, ரெண்டு பேரும் ஜல்தியா கெளம்பிட்டீங்க?"

"இவளுக்கு வெயிட்டு கொறைக்கத்தாங்க. டாக்டருகிட்ட இட்டுக்கினு போறேன்" என்று கண்டக்டருக்கும் கேட்கும்படி சொன்னார் நாத்தனார்.

அப்புறம் கேட்க வேண்டுமா! என் சதை பொதுச்சொத்தாகிவிட்டது. "கேப்பைக் கூழு குடிக்கச் சொல்லு" என்றாள் ஒருத்தி. "மல்லாட்டைய கையால தொடாத" என்றாள் இன்னொருத்தி, மடியிலிருந்த வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே. கண்டக்டர் தன் பெண்டாட்டி வாக்கிங் போய் இளைத்த கதையைச் சொன்னார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் என் வயிறு, இடுப்பு, தொடை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு ஆகிவிட்டது. குண்டு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருத்திக்கும் வெட்கமில்லை. வலிக்கிறது என்று சொல்ல எனக்குத்தான் நாக்கு எழவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் என் எடையை ஏலம் விடுவது மாதிரி கூவினார். உள்ளே போனோம். டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"வீட்டுக்காரரோட எல்லாம் சரியா இருக்கா?"

"தங்கமான புள்ளைங்க" என்றார் நாத்தனார். "ஒரு பீடி கூட குடிக்க மாட்டான்."

"அதக் கேக்கலம்மா."

"சமையலுக்குக் கூட ஒத்தாசை பண்ணுவான்!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, அவரோட பாயில நீங்களா படுக்கறீங்க? வாய மூடிக்கினு இருங்க" என்றேன். நாத்தனாரிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை நான். அதே மூச்சில் எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் கொட்டினேன்.

பரிசோதித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது.

"எடை கூடக்கூட சர்க்கரை, ஹார்மோன் கோளாறு ரெண்டும் வரலாம். சர்க்கரையால அந்த எடத்துல புண்ணு திரும்பத் திரும்ப வரும், அதான் வலி. மொதல்ல புண்ண ஆத்துவோம். எடைய மெதுவா கொறைக்கலாம். ஆறுற வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கினு பொறுத்துக்க வேணாம். அடுத்த வாட்டி அவரையும் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

நான் எழுந்தேன். நாத்தனார் எழவில்லை. "ஏன் டாக்டரம்மா, இந்த வலி குண்டா இருக்கறவங்களுக்குத்தான் வருமா?" என்றார்.

"இல்லையே. யாருக்கு வேணா வரலாம். ஏன்?"

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார் என்னிடம்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, வெங்காய மண்டியில் வேலையாக இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். டாக்டரிடம் நீங்களும் வர வேண்டும் என்றேன்.

"நான் எதுக்கு? எனக்குத்தான் வெயிட்டே இல்லையே."

"எனக்கு வலிக்குதுங்க. அதான் தள்ளிப் படுத்தேன். உங்களப் புடிக்காம இல்ல."

மூட்டை இறக்கும் சத்தத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அடிப்பாவி. எம்மேல மண்டி நாத்தம் அடிக்குது, அதான் உனக்குப் புடிக்கலன்னு நெனச்சி, தெனம் ராத்திரி சோப்பு போட்டுக் குளிச்சிக்கினு இருந்தேன்டி."