முப்பத்திரண்டு வருட வாலிபர்

சேலையூர் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர் தங்கப்பழத்துக்கு, இரண்டாயிரத்து ஆறில், வயது அறுபத்தொன்று. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: கர்த்தரும், தங்கப்பழத்தின் சம்சாரமும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் மீசைக்குப் பூசிய மையைச் சேர்த்து வைத்திருந்தால், தாம்பரம் யார்டில் நிற்கும் கூட்ஸ் வண்டி முழுவதற்கும் கறுப்படித்திருக்கலாம்.

போன வருடம் ரயில்வே அவரை வீட்டுக்கு அனுப்பியது. "வி.ஆர்.எஸ். வாங்கிட்டேன்" என்று சபையில் சொல்லிக்கொண்டார். முப்பத்தைந்து தாண்டியவர் சங்கப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான். அப்போது அவருக்கு இருபத்தொன்பது. அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்ட பையனுக்கு ஈஸ்டர் நாடகத்தில் கல்லறைக் கல் வேஷம் கிடைத்தது.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஹெப்சிபாதான் துணிந்து கேட்டாள்.

"அண்ணா, இந்த வருஷமாவது எலெக்‌ஷன் வைக்கலாமா?"

"உனக்கு அனுபவம் பத்தாதும்மா. வாலிபர்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ."

"தெரிஞ்சுதாண்ணா கேக்கறேன்."

சபையின் அசன விருந்தில் வாலிபர்கள்தான் பரிமாற வேண்டும். கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அப்போது மிஞ்சுவது ரசமும் ஜெபமும். தங்கப்பழத்தின் கறி மட்டும் வருடா வருடம் ஒரு தூக்குவாளியில் முன்கூட்டியே ஒதுங்கிவிடும். இந்த முறை கறி அண்டாவுக்கு ஹெப்சிபா காவல் நின்றாள். தூக்குவாளி காலியாகவே தொங்கியது.

பிறகு மைக்கில் அறிவித்தாள்: "அறுபது தாண்டின பெரியவங்களுக்கு முதல் பந்தி. டபுள் கறி. பிறந்த வருஷத்த மைக்ல சொல்லிட்டு உக்காருங்க."

தங்கப்பழம் ரச வாளியோடு நின்றார். செயலாளர் பதவியா, ஆட்டுக்கறியா? பதவிதான் என்று பல்லைக் கடித்தார். பந்தியில் ஒரே ஓர் இலை ஆளில்லாமல் கிடந்தது. கறியும் விழுந்தாயிற்று. நல்லி எலும்போடு. பக்கத்து இலைப் பெரியவர் சவுரிமுத்து மெல்ல அதன் பக்கம் கையை நகர்த்தினார்.

அதைத்தான் தங்கப்பழத்தால் தாங்க முடியவில்லை. ரச வாளி தரையில் இறங்கியது. மைக்கைப் பிடுங்கினார்.

"நாப்பத்தஞ்சு! யோவ், கைய எடு!"

பந்தலே கைதட்டியது. போதகர் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். ஹெப்சிபா குனிந்து இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.

"எலெக்‌ஷன இன்னிக்கே வச்சுடலாமா, தாத்தா?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. அவர் நல்லியை உறிஞ்சி முடிப்பதற்குள் அவள் செயலாளராகிவிட்டாள்.