என் மடியில் மாட்டுக் கயிறுகள்

புதுச்சத்திரத்தில் எங்கள் காட்டில் காலையிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். குழியிலிருந்து ஈரமே இல்லாத கல்புழுதி பறக்கிறது. அந்த வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்பா போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். ஒரு கோடை விடுமுறையில் என்னையும் மகாராஷ்டிராவுக்குக் கூட்டிப்போனார். பீட் மாவட்டத்துப் பக்கம், பாளம் பாளமாக வெடித்த கரிசல் காடு. கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட, அந்தக் காட்டுக்காரர் வீட்டு அம்மா எனக்குச் சோளரொட்டி தட்டிக் கொடுத்தார். கருங்கல்லைத் துளைத்துத் துளைத்துச் சாயங்காலம்வரை புழுதிதான் வந்தது. அவருடைய வீட்டுக்காரர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா மாடுகளை அவிழ்த்துவிட்டு, கயிறுகளை எல்லாம் சுருட்டிக் கொண்டுவந்து, வண்டியில் இருந்த என் மடியில் வைத்தார். மராட்டியில் ஏதோ சொன்னார். அப்பாவுக்கு மராட்டி புரியும்.

"எதுக்குங்கப்பா நமக்குக் குடுக்கறாங்க?"

"ஊட்ல கயிறு இருக்க வேண்டாம்னு சொல்றாங்க சாமி. கெட்டியாப் புடிச்சுக்க."

ஊர் வந்து சேரும்வரை நான் பிடியை விடவில்லை.

இங்கேயும் புழுதிதான் வருகிறது. குழியருகே என் வீட்டுக்காரர் நிற்கிறார்.

"டீ கொண்டாரட்டுங்களா?" என்கிறேன்.

அவர் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மெல்ல மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்து, கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறேன்.