கப்பல்காரரின் சட்டைக்கு மடிப்பு வைத்தவர்

மடிப்பு என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சலவை நிலையத்தில் இஸ்திரி மேஜை. சட்டையை எடுத்தால் முதலில் காலர், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை, கடைசியில்தான் உடம்பு. அவர் சட்டைக் கையில் வைக்கிற மடிப்பில் விரலை ஓட்டினால் அறுத்துவிடும் என்று மைத்துனன் கேலி பேசுவான். வீட்டில் கைக்குட்டையிலிருந்து தலையணை உறை வரைக்கும் மடிப்பு. "உங்க மாமா விட்டா தோசையக்கூட இஸ்திரி போட்டுத்தான் தட்டுல வைப்பாருடா" என்பாள் அவர் மனைவி, தன் தம்பியிடம்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அதில் பதினேழாவது அவருடையது. இரண்டு அறை. சுவரை அவரே பூசினார். இஸ்திரிக்காரர் பூசிய சுவர் ஆயிற்றே, அந்தத் தெருவிலேயே மேடு பள்ளம் இல்லாத சுவர் அது ஒன்றுதான். இடித்துப்போட்ட ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவர் மனைவி ஜன்னல் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, தலையில் சுமந்து வந்து பதித்திருந்தாள். சட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் ஏழாம் வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தது, ஏழேழு வரைக்கும். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு வரவில்லை போலிருக்கிறது.

அந்த வருஷம் மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதையை அகலப்படுத்தப் போகிறார்களாம், வீடுகளைக் காலி செய்ய வேண்டுமாம். அதே வருஷம்தான் தேர்தலும் வந்தது.

முதலில் வந்தவர் வக்கீல். அவரும் வேட்பாளர்தான். தடித்த கண்ணாடி, கையில் ஒரு கட்டுக் காகிதம். தெரு முனையில் நின்று அரைமணி நேரம் விளக்கினார். அவர் போன பிறகு மைத்துனன் அதை ஐந்து நிமிஷத்தில் நடித்துக் காட்டினான். மூக்கு நுனியில் இல்லாத கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு: "பிரிவு நாலு, உட்பிரிவு இ... இந்தப் படிவத்துல எல்லா வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போடணும். இருபதாம் தேதிக்குள்ள. போட்டாத் தடை உத்தரவு வாங்கிடலாம். ஒரு வீடு விட்டாலும் நீங்களே ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க. புரியுதுங்களா? புரியலைன்னா யாராவது படிச்சவங்களாப் பார்த்துக் கேட்டுக்குங்க."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மடிப்பின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் சொன்னதுல என்னடா தப்பு?"

"தப்பே இல்லக்கா. அதான் கடுப்பா இருக்கு. படிச்சவங்களாப் பார்த்துக் கேக்கணுமாம். அப்ப நாம யாரு, கொட்டாங்கச்சியா?"

இந்தச் சமயத்தில்தான் சலவை நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு சட்டைகள். புத்தம் புதுசு, ஒரே சாம்பல் நிறம். தொட்டால் வழுக்கிக்கொண்டு போகிற துணி. கொண்டுவந்தவர் கப்பல்காரரின் உதவியாளர். கப்பல்காரர் என்றால் நிஜமாகவே கப்பல் வைத்திருக்கிறவர், பதினாலோ பதினைந்தோ. அவரும் தேர்தலில் நின்றார்.

"நாப்பது தடவ தோய்க்கணும். காலரக் கல்லு வச்சுத் தேய்ச்சு நூல் கிளப்பணும். பழசாத் தெரியணும். அப்புறம் முக்கியமான விஷயம், இஸ்திரி போடக் கூடாது. இந்த விஷயம் வெளிய போச்சுன்னா, நீங்க வேலையில இருக்க மாட்டீங்க" என்றார் உதவியாளர்.

மடிப்பு தேய்த்தார். அவ்வளவு நல்ல துணியைக் கெடுப்பது பாவம் என்று ஒவ்வொரு காலரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேய்த்தார். பன்னிரண்டும் பழசாயின. அன்று சாயங்காலம் அவற்றை மேஜையில் வைத்து எண்ணினார். மனசு வேறு எதிலோ இருந்தது. கை தன் வழக்கத்துக்கு நீராவி இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டது. காலர், தோள்பட்டை, கை. மூன்று சட்டை முடிந்த பிறகுதான் "ஐயையோ" என்றார். தண்ணீர் தெளித்துக் கசக்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக் கை வைத்த மடிப்பு, போவேனா என்றது. மூன்றையும் கட்டின் அடியில் செருகி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"புதுச் சட்டையைக் கிழிச்சு ஏழை வேஷமா?"

"மெதுவாப் பேசு."

"சுவருக்குக் கேக்கட்டும். நீங்க பூசின சுவருதானே."

அந்த வாரம் முதல் பொதுக்கூட்டம். கப்பல்காரர் மேடையில் ஏறி நூல் தொங்கும் காலரைத் தூக்கிக் காட்டினார். "பத்து வருஷமா இதே சட்டைதான் போடறேன்! என் பணம் தொழில்ல இருக்கு, உடம்புல இல்ல!" மறுநாள் பத்திரிகைகள் அந்தச் சட்டையின் கையைப் பெரிதாக்கிப் போட்டன. கத்திபோல மடிப்பு. 'பத்து வருஷக் கந்தலுக்குப் பத்து நிமிஷ இஸ்திரி' என்று கீழே ஒரு நக்கல். வக்கீலும் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்.

மடிப்புக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டார். மூன்றாம் நாள் சலவை நிலைய வாசலில் கார் வந்து நின்றபோது, இஸ்திரிப் பெட்டியை அணைத்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். எப்படியும் போகச் சொல்லப் போகிறார்கள்.

கார் அவரை நேராக அடுத்த கூட்டத்தின் மேடைக்கே கொண்டுபோனது.

கப்பல்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தோளில் கை போட்டார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எப்போதும் ஒரு கல்யாண வீட்டு மாமா குரல். அதட்டுமா அணைக்குமா என்று தெரியாது. "சிரிச்சாங்களே! என் சட்டையைப் பார்த்துச் சிரிச்சாங்களே! என்னைப் பார்த்தா சிரிச்சாங்க? இதோ இந்தக் கையைப் பார்த்துச் சிரிச்சாங்க!" மடிப்பின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார். நீராவி சுட்ட தழும்புகள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. "ஐயா சட்டை கசங்கிக் கிடக்கேன்னு மனசு கேக்காம மடிப்பு வச்சாரு. பாசம்! பாசத்துக்கு ஏதுய்யா உட்பிரிவு இ?"

கூட்டம் கிடுகிடுத்தது. கீழே மைத்துனன் விசில் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் தெருவே நின்றது.

"நீயே சொல்லு. இந்தச் சட்டை உன்கிட்ட எத்தனை வருஷமா வருது?"

ஒலிபெருக்கி மடிப்பின் வாயருகே வந்தது. அதற்கு முன்னால் அவரிடம் யாராவது எதையாவது கேட்டு, அந்தப் பதிலுக்காக இத்தனை ஆயிரம் பேர் வாயடைத்து நின்றது கிடையாது.

"பத்து வருஷமா வருதுங்க."

"உனக்கு என்ன வேணும், கேளு."

"எங்க தெரு... வீட்டை இடிக்கப் போறதா..."

"ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு! நான் இருக்கேன்!"

மடிப்பு அழுதுவிட்டார். அது நடிப்பில்லை.

வீட்டில் மனைவி கதவருகே காத்திருந்தாள். "பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"தோள்ல கை போட்டாருடி. இத்தனை வருஷத்துல எங்க கடை முதலாளிகூடப் போட்டதில்ல."

"என் தோள்ல போடலையே. எனக்கு வீடுதான் இருக்கு. நாளைக்கு வக்கீல் வருவாரு. கையெழுத்துப் போட்டுடுங்க."

"அங்க அவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்டு, இங்க கையெழுத்துப் போட்டா ஐயாவை நம்பலைன்னு ஆகாதா?"

"நம்பறீங்களா?"

அவர் தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. அவளால் தனியாகப் போட முடியாது.

பத்தொன்பதாம் தேதி வக்கீல் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வீடு வீடாகத் தட்டினார். பத்து வீட்டில் கதவே திறக்கவில்லை. மற்றவர்கள் பதினேழாம் நம்பரைக் கைகாட்டினார்கள். மடிப்பு போட்டால் நாங்களும் போடுகிறோம் என்றார்கள்.

"கையெழுத்து வேணாம் சார்" என்றார் மடிப்பு.

"நாளைக்குக் கடைசி நாள். இது என் ஓட்டுக்காக இல்லைங்க. நீங்க எனக்குப் போட வேணாம். இதுல மட்டும் போடுங்க." வக்கீலின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உடைந்தது. அப்போது பார்த்து மைத்துனன் பின்னாலிருந்து "புரியலைன்னா யாராவது படிச்சவங்களாப் பார்த்து..." என்று இழுக்க, தெரு மறுபடியும் சிரித்தது. வக்கீல் காகிதத்தைப் பைக்குள் வைத்தார். அந்தச் சிரிப்பில் மடிப்பும் கலந்துகொண்டார். அவர் மனைவி உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள்.

இருபதாம் தேதி மற்ற தேதிகளைப் போலவே வந்து போயிற்று. கப்பல்காரர் ஜெயித்தார். ஐம்பத்திரண்டு வீட்டு ஓட்டும் ஒன்றுகூடச் சிந்தாமல் அவருக்கே விழுந்தது.

எட்டாவது வாரம், திங்கட்கிழமை காலை, இயந்திரம் வந்தது. மஞ்சள் நிறம், வீட்டு உயரம். அதன் கதவில் சின்னதாக ஒரு கப்பல் வரைந்திருந்தது.

முதலில் பார்த்த பக்கத்து வீட்டு வெல்டர் கத்தினார்: "ஐயாவோட வண்டிடோய்! காப்பாத்த அனுப்பியிருக்காரு!"

தெரு கை தட்டியது. யாரோ ஒருத்தி ஓட்டுநருக்குத் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் வீட்டின் கூரையில் கை வைத்தார். கைதட்டல் சட்டென்று நிற்கவில்லை; ஒவ்வொருவராகத்தான் நிறுத்தினார்கள். பதினேழாவது வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. மேடு பள்ளமில்லாத சுவர் ஒரே தள்ளலில் முழுசாகச் சாய்ந்தது. மனைவி அதற்கு முன்பே ஜன்னலைப் பெயர்த்து வெளியே வைத்திருந்தாள். பாத்திரங்களைக்கூட எடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் தங்க வைத்தார்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சாக்கு மறைப்பு. சலவை நிலையத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். மடிப்பு தினமும் தாமதமாகப் போனார், இரண்டாம் மாதம் அந்த மேஜைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மனைவி அவரோடு பேசாமல் இல்லை. "சாப்பிடுங்க", "தண்ணி பிடிச்சாச்சு", "நகருங்க." அவ்வளவுதான் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாம் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவரால் அடக்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சட்டை புதுசு. பன்னெண்டும் புதுசு. நான்தான் கல்லு வச்சுத் தேய்ச்சுக் கந்தலாக்கினேன். மேடையில சொன்னது பொய்."

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

வெல்டர் பீடியைக் காதிலிருந்து எடுத்தார். "இதை எங்களுக்கு நீ வந்து சொல்லணுமாக்கும்? கப்பல் வச்சிருக்கறவன் கந்தலாய்யா கட்டுவான்?"

"தெரியுமா?"

"குழந்தைக்கே தெரியும். நமக்காக வேஷம் போடறாரேய்யா. மத்தவன் அதுக்குக்கூட மெனக்கெடறதில்லையே. கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து பாடம் எடுக்கறான்."

"நம்மகிட்டப் பணம் இருந்தா நாமளும் இவர் மாதிரிதான் மாமா பேசுவோம்" என்றான் மைத்துனன். "எத்தனை கோடி கொடுத்தாலும் வக்கீல் மாதிரி நமக்குப் பேச வருமா?"

"அப்புறம் ஏன்டா யாரும் கையெழுத்துப் போடல? பொய்யின்னு தெரிஞ்சுமா?"

 வெல்டர்தான் சொன்னார், மடிப்பின் முகத்தைப் பார்க்காமல். "நீ மேல நின்ன பாரு. உன் கையைப் பிடிச்சுத் தூக்கினாரு பாரு. எங்க எல்லார் கையும் மேல போன மாதிரி இருந்துச்சுய்யா. அதுக்கப்புறம் போயி அந்தக் காகிதத்துல... எப்படிப் போடறது?"

 அவர்கள் ஏமாந்திருந்தால் மடிப்பு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"இது ஐயா செஞ்சதில்ல" என்றார் வெல்டர். "கீழ இருக்கற அதிகாரிங்க வேலை. அவருக்குத் தெரிஞ்சா விடுவாரா?"

"வண்டியில அவர் கப்பல் இருந்துச்சே."

"வண்டிய வாடகைக்கு எடுத்திருப்பானுங்க."

அடுத்த மாதம் நன்றி அறிவிப்புக் கூட்டம். ஆள் ஏற்ற லாரி கிடங்கு வாசலுக்கு வந்தது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். நேரில் பார்த்தால் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். மைத்துனன் கப்பல்காரர் குரலில் "ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு!" என்றான். இப்போதும் சிரித்தார்கள்.

மடிப்பு சாக்கு மறைப்புக்குப் பக்கத்தில் நின்றார். மனைவி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போகல" என்றார் அவளிடம்.

அவள் நிமிரவில்லை.

"என்னய்யா அங்க நின்னுட்டே?" வெல்டர் லாரியிலிருந்து குரல் கொடுத்தார். "நீ மேடை ஏறின ஆளு. முன்னாடி, டிரைவர் பக்கத்துல உனக்குன்னு இடம் போட்டு வச்சிருக்கு. நகருங்கடா, அவருக்கு வழி விடுங்க."

நிஜமாகவே எல்லோரும் நகர்ந்தார்கள். முன் இருக்கையிலிருந்த ஒரு பெரியவர்கூட எழுந்து பின்னால் போனார்.

மடிப்பு மனைவியைப் பார்த்தார். அவள் அவர் நின்ற இடத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தார்.