சீஃப் கெஸ்ட் கையில் ரிசீவர்

ஜெர்மனியிலிருந்து "ஹலோ" வந்துவிட்டது. எக்கோ இல்லை, இழுவை இல்லை. பீளமேட்டில் இண்டர்நெட் டெலிபோன் கருத்தரங்கு நடந்த அந்த ஹாலில் திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ரிசீவரைக் காதில் வைத்திருந்த சீஃப் கெஸ்ட் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அவர் தொலைபேசித் துறை அதிகாரி.

அவரைக் கூப்பிட்டதே எங்கள் முதலாளி பழனிசாமி அண்ணன்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் பேசிப் பேசி, வருகிற ஐ.எஸ்.டி. பில்லைப் பார்த்து எக்ஸ்போர்ட்டர்கள் வயிறெரிந்த காலம். அதே பேச்சை நெட் வழியாக லோக்கல் கால் செலவில் அனுப்பும் கேட்வே பெட்டியை அண்ணன் தருவித்திருந்தார். இதை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இண்டர்காம் ஏஜென்சியை வேறொருவருக்குக் கைமாற்றியும் விட்டார். நான் அவரிடம் சர்வீஸ் இன்ஜினியர். பெட்டி விற்றால்தான் கம்பெனி. இல்லாவிட்டால் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இது சட்டத்துக்கு உட்பட்டதா என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அண்ணா, எதுக்கும் டெலிபோன் ஆபீஸ்ல போயி பர்மிஷன் கேட்டுப்போடலாமுங்களா?"

"கேட்டா ஆகாதுன்னு சொல்லிப்போடுவாங்க அம்மணி. மேடையில உக்கார வெச்சு மாலையப் போட்டுட்டம்னா, அப்பறம் எந்த வாயில வேண்டாம்பாங்க?"

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. புதுப் பட்டறையோ கடையோ, ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வைத்துவிட்டால் பாதி அனுமதி வாங்கிய தெம்பு வந்துவிடும். நானும் மோடத்தையும் லைனையும் சரிபார்க்கப் போய்விட்டேன்.

டெமோவில் முதலில் பேச வேண்டியவர் ஒரு எக்ஸ்போர்ட்டர். ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் அண்ணனுக்குக் கால் தரையில் நிற்காது. "ஐயா, மொதல்ல நீங்க பேசோணும்" என்று ரிசீவரை அதிகாரி கையில் கொடுத்துவிட்டார். அட கடவுளே!

"இந்தக் கால் எந்த வழியாப் போகுது?" என்று அதிகாரி கேட்டார்.

"ஐ.எஸ்.டி. எக்ஸ்சேஞ்ச் பக்கமே போகாதுங்கய்யா!" அண்ணனுக்கு அப்படி ஒரு பெருமை.

அதிகாரி ரிசீவரை வைத்தார். மாலையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பழனிசாமி, இதுக்கு லைசென்ஸ் கிடையாதுங்க. நீங்க என்னையக் கூப்பிடாம இருந்திருக்கலாம். இத்தன பேர் முன்னால என் காதுலயே கேட்டுட்டேன். இனி நான் சும்மா இருந்தா என் வேலை போயிருமுங்க."

பெட்டியை நான்தான் ஆஃப் செய்தேன். சாயங்காலம் ஆள் வந்து சீல் வைத்து எடுத்துப் போனார்கள்.

அதைவிடக் கொடுமை மத்தியானச் சாப்பாடு. பெட்டி வாங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பாடு பிரமாதமுங்க. அப்பறம் பார்க்கலாமுங்க" என்று காரில் ஏறினார்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும். பந்தியைப் புரட்டிப் போடலாமா என்று எனக்கு ஆத்திரம். அண்ணன் வாசலில் நின்று அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டு அனுப்பினார்.

தீபாவளிக்குள் கம்பெனியை மூடிவிட்டோம்.

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆகாது என்பார்கள் என்று பயந்து கேட்காமல் இருந்துவிடாதீர்கள். போய்க் கேளுங்கள். முதலிலேயே கேட்டு, அவர்கள் ஆகாது என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு அந்த ஏஜென்சியாவது மிஞ்சியிருக்கும்.

சில வருஷம் கழித்து அரசாங்கமே இண்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி கொடுத்தது. பேப்பரில் பார்த்ததும் மனசு கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். கிணத்துக்கடவில் மச்சானுடைய தீவனக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இப்ப நெட் போனு லீகல் ஆயிருச்சுங்க."



"அப்படீங்களா அம்மணி. சந்தோஷமுங்க." பிறகு கேட்டார்: "வேற ஒண்ணுமில்லீங்களே? கடையில ஆளு நிக்கறாங்க."